பெறப்பட்ட விதம்

லிஃப்டுக்குப் போடச் சில்லறை இல்லாமல்
ஏழு மாடி ஏறி வந்தேன்
கையில் அருங்காட்சியகத்தின் படிவத்தோடு.
கதவைத் திறந்த மக்வாலா
என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்.
"இடப்பக்கம் மென்று எத்தனை மாதமாகிறது?"

திபிலிசியில் நாற்பத்தோராண்டு பல் பிடுங்கியவர்.
ஓவியர்களிடம் காசு இருந்ததில்லை,
பல்வலி இருந்தது.
பல்லுக்குப் பல் என்பது பழைய நீதி.
இவர் பல்லுக்குப் படம் வாங்கினார்.

அறுபத்து நான்கு.
குளியலறையில் ஐந்து,
கட்டிலுக்கடியில் நாளிதழ் சுற்றிப் பதினெட்டு,
சமையலறையில் மாவு டப்பாக்களுக்கு மேலே
எண்ணெய்ப் புகை படிந்து ஒரு நீலக் கழுதை.

ஓவியர். ஆண்டு. ஊடகம். அளவு.
ஐந்தாவது கட்டம்: பெறப்பட்ட விதம்.
விலைக்கா, அன்பளிப்பா, வாரிசுரிமையா என்று கேட்டேன்.
உள்ளே போய்
ஒரு செருப்புப் பெட்டி நிறைய
நோயாளிச் சீட்டுகளைக் கொண்டுவந்தார்.
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
மாதுளை விற்பவள்: கீழ் வலது கடைவாய்ப்பல், வேர் சிகிச்சை.
ஆற்றின்மேல் பனி: இரண்டு அடைப்பு,
ஒன்று மறுமாதமே விழுந்துவிட,
ஓவியர் கோபித்து வந்து
தன் கையெழுத்தை அழித்துவிட்டுப் போனார்.
நீலக் கழுதை: மாமியாருக்கு முழுப் பல்செட்,
மருமகன் செலுத்தியது. சாயல் உண்டாம்.

மின்சாரம் போன அந்தக் குளிர்காலத்தில்
தையல் இயந்திரத்தின் மிதியைத் துளைப்பானோடு கட்டி
காலால் மிதித்தபடி
மண்ணெண்ணெய் விளக்கொளியில் குனிந்திருக்கிறார்
வாய்க்குப் பின் வாயாக.
அந்த வருடத்துப் படங்கள் எல்லாமே பழுப்பு.
வால்நட் தோலை வேகவைத்து எடுத்த சாயம்.
"அவர்களுக்கு வண்ணம் கிடைக்கவில்லை,
எனக்கு மயக்க மருந்து கிடைக்கவில்லை.
சரிக்குச் சரி."

அறுபத்து மூன்றில் நிறுத்திவிட்டார்.

மிச்சமிருந்தது சன்னலுக்கு எதிரே.
ஒட்டுப்பலகையில்,
நாற்காலியில் மல்லாந்தவனின் கண்ணால் பார்த்த அறை:
கழுத்து வளைந்த விளக்கு,
கூரையில் ஈரக்கறை,
ஓரத்தில், கீழிருந்து தெரியும்
ஒரு பெண்ணின் மோவாய்.
எங்கள் இயக்குநர் கேட்டதே இதைத்தான்.
உண்மையைச் சொன்னால்
மற்றவை இதற்குத் துணைக்கு வருபவை.

"இதைத் தர முடியாது. என்னுடையதல்ல."

அம்பெர்கி என்று ஒருவன்.
தாயின் மோதிரத்தைக் கொடுத்து
அதை உருக்கிப் பல்லுறை செய்யச் சொன்னான்.
கூலிக்கு ஈடாகப் படத்தை வைத்துவிட்டு,
வியாழக்கிழமை வந்து மீட்டுக்கொள்கிறேன் என்றான்.
அந்த வாரம் தெருவில் சுட்டுக்கொண்டார்கள்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே ஆளே போய்விட
சொல் மட்டும் நின்றுகொண்டிருந்தது முப்பது வருடம்.

இழுப்பறையில் ஒரு மஞ்சள் உறை.
உள்ளே, பட்டாணியளவு தங்கம்.
"மேல் வலது, நான்காவது.
வேறெந்த வாய்க்கும் பொருந்தாது."

உரிமை கோரப்படாத சொத்து,
காலவரம்பு, சட்டப் பிரிவு என்று
எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் எடுத்து வைத்தேன்.
அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து
"வாயைத் திற" என்றார்.

என் இடப்பக்கப் பல் அன்றே போயிற்று.
கூலி, ஒரு வரி.

படம் இப்போது இரண்டாம் தளத்தில், வடக்குச் சுவரில்.
சட்டகத்தின் முதுகில் அந்த மஞ்சள் உறை,
பதிவெண் இல்லாமல்.
ஐந்தாவது கட்டத்தில்
மேலதிகாரி இருமுறை அடித்ததை
மூன்றாம் முறையும் எழுதினேன்:
இரவல். உரியவர் வியாழன் வருவார்.

வியாழக்கிழமைகளில் மக்வாலா வருகிறார்,
முதியோர் சலுகைச் சீட்டில்.
படத்தைப் பார்ப்பதில்லை.
அதற்கு முதுகைக் காட்டி நின்று
பார்க்க வருகிறவர்களைப் பார்க்கிறார்.
வியப்பிலோ கொட்டாவியிலோ
யாராவது வாய் திறந்தால்
சற்றே முன்னால் குனிகிறார்.